நிகர எடை

ஒரே பொருள், ஐந்து ஊடகம்.
ஒவ்வொன்றின் கீழும் நூறு சொல்லில் குறிப்பு.
நாளைக் காலை கல்லூரியில் ஒட்டியாக வேண்டும்.
வாளையார் எடைமேடை அறையில்
மேசை விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு
கர்நாடகா லாரி ஒன்றுக்குச்
சீட்டுக் கிழிக்கிறாள் அம்மா.

கரியிலிருந்து தொடங்குகிறேன்.

நிறுத்தியிருந்த லாரிக்கு அடியில்
லுங்கியைத் தூளியாகக் கட்டி
ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
வெளியே தொங்கிய பாதம் மட்டும்தான்
எனக்குத் தெரிந்தது. வரைந்தேன்.
குதிகால் வெடிப்பு வந்த இடத்தில்
கரித்துண்டு தானாக உடைந்து உதவியது.
எழுந்து வந்து பார்த்தார்.
"என் உள்ளங்காலை நானே
இப்பத்தாம்மா முழுசாப் பாக்கறேன்" என்றார்.
கரி உதிராமலிருக்க ஒரு ஸ்ப்ரே உண்டு, வாங்கவில்லை.
பாலக்காடு போய்ச் சேர்வதற்குள்
கட்டைவிரல் என் துப்பட்டாவுக்கு மாறியிருந்தது.

நீர்வண்ணம்.
ஆடிக் கணவாய்க் காற்றில்
தூரிகை தாளைத் தொடுமுன் காய்ந்துவிடுகிறது.
லாரிக்குப் பின்னால் மலை இருந்தது.
தாளில் அதன் விளிம்பு மட்டும் இருக்கிறது.

லினோவில் பின்பலகையைச் செதுக்கினேன்.
'வாளையார் வழி' என்று அதில் எழுதியிருந்தது.
எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும்,
மறந்துபோனேன்.
அச்சில் எல்லாம் முதுகைக் காட்டி நின்றன.
"இது மலையாளமா?" என்றான்
கோவையிலிருந்து வரும் முகிலன்.
"தமிழல்லே?" என்றாள்
கொடுவாயூர் ஷிஜிமோள்.
இரண்டு பேரும் கொஞ்சநேரம் படிக்கப் பார்த்தார்கள்.
வேண்டுமென்றே செய்ததுதானே என்று கேட்டார் மாஷ்.
ஆமாம் என்றேன்.
அதிக மதிப்பெண் அதற்குத்தான்.
இப்போது அதன் கீழே
நூறு சொல் பொய் எழுத வேண்டும்.

நான்காவது எண்ணெய் வண்ணம்.
லுங்கியின் நீலக் கட்டங்கள்.
இன்னும் காயவில்லை.

கரிக்குப் பாதம் போதும்.
களிமண் அப்படி விடுவதில்லை.
முழங்கால் எங்கே மடங்குகிறது,
முதுகு எதில் கிடக்கிறது,
தூங்குபவனின் கை யாரைத் தேடுகிறது,
கேட்டுக்கொண்டே இருக்கும்.
பதில் தெரியாத இடத்திலெல்லாம்
துணியைப் போர்த்தி மூடினேன்.
தலையை அந்தப் பக்கம் திருப்பிவைத்தேன்.
தூளி தொய்கிற அந்த ஒரு வளைவுக்காக
மூன்று முறை பிசைந்தேன்.
நாலாம் நாள் காற்று உள்ளே புகுந்து
தோளிலிருந்து இடுப்புவரை ஒரு விரிசல் போட்டது.
அதை நான் சரிசெய்யவில்லை.

"என்ன எடை இருக்கும்?" என்றாள் அம்மா.
நாலு கிலோ இருக்கலாம்.
லாரிகள் இல்லாத வேளை.
மேடையின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.
சிவப்பு எண்பலகையில் சுழி.
"பத்துக் கிலோவுக்குக் கீழ இதுக்குக் கண்ணு தெரியாது"
என்றபடி அவளும் இறங்கி வந்தாள்.
நாங்கள் இருவரும் ஏறி நின்றோம்: நூற்றுப்பத்து.
அம்மா குனிந்து தூளியை எடுத்து
இடுப்பில் சாய்த்துக்கொண்டாள்: நூற்றிருபது.
கீழே வைத்துவிட்டு
இரண்டு பேரும் தள்ளி நின்றோம்: சுழி.
மறுபடி எடுத்தோம்.
பின்னால் வந்து நின்ற ஜல்லி லாரி
ஹாரன் அடிக்கும்வரை
எடுப்பதும் வைப்பதுமாக இருந்தோம்.

இதற்கும் ஒரு சீட்டு வேண்டும் என்றேன்.
படத்தோடு ஒட்டலாம்.
"வண்டி நம்பர் இல்லாம அச்சாகாது."
என் கல்லூரி எண்ணைச் சொன்னேன், அடித்தாள்.
"சரக்கு?"
மண்.
"டிரைவர் பேரு?"

கரியில், நீரில், லினோவில்,
எண்ணெயில், களிமண்ணில்
நாற்பது நாள் அந்த மனிதரோடு இருந்திருக்கிறேன்.
அம்மாவின் விரல்
விசைப்பலகைக்கு மேலே நிற்கிறது.
ஜல்லி லாரி மறுபடி ஹாரன் அடிக்கிறது.

நாமக்கல் பக்கம் என்று சொன்ன ஞாபகம்.